மருதாள் பேர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

முதலிபாளையத்தில் மாரப்பனின் பனியன் கம்பெனியில் அயர்ன் பெட்டி கிடையாது. தைத்துப் பிசிறு வெட்டி வருகிற டீ சர்ட்டுகளை அவர் மனைவி தெய்வாத்தாளின் வயிற்றின் மேல் ஒரு தடவை விரித்து எடுக்கிறார்கள், சுருக்கம் போய்விடுகிறது. துணியில் சூட்டுப் பளபளப்பு ஏறுவதில்லை, பிரிண்ட் உருகி ஒட்டுவதில்லை. சரக்கு வாங்க ஜெர்மனியிலிருந்து வந்த பையர் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, இதற்குச் சர்டிபிகேட் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனான். மற்றபடி எங்கள் பக்கத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நூல் விலை ஏறினால்தான் பேசுவோம்.

மாரப்பனுக்கு ஒரு தம்பி இருந்தான். இருவரும் சேர்ந்து நடத்திய கம்பெனியைப் பாகம் பிரித்தபோது குறுக்கே ஒரு சுவர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் தம்பி பைக்கோடு லாரியில் மோதிச் செத்துப்போக, சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாதியை அவன் மனைவி மருதாள் ஏற்று நடத்தினாள். தாலியறுத்தவள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மூலையில் உட்காருவாள் என்று ஓரகத்தி தெய்வாத்தாள் எதிர்பார்த்தாள். அவளோ புது மெஷின் இறக்கினாள். அதைக்கூடத் தெய்வாத்தாள் பொறுத்திருப்பாள். தன் மகன் கவினுக்கு முன்மண்டை வழுக்கை விழுந்தும் பெண் கிடைக்கவில்லை, ஜாதகம் தரகர்கள் கைமாறி மடிப்பே கிழிந்துவிட்டது. மருதாளின் மகள் வர்ஷினியைப் பார்க்க வந்தவர்களின் கார்களோ தெய்வாத்தாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவிநாசியில் ஒரு நல்ல இடம் முடிவாகி, நிச்சயத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது, தெய்வாத்தாள் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டாள். “சொல்லாம இருக்க மனசு கேக்கலீங்க. எங்கூட்டுப் புள்ளதான். ஆனா அதுக்கு அப்பப்ப வலிப்பு வருமுங்க.” அந்த அம்மாளின் போன் எல்லாப் பேச்சையும் தானாகவே பதிவு பண்ணுகிற போன். ஏன் வேண்டாமென்கிறீர்கள் என்று கேட்ட மருதாளுக்கு அந்தக் குரலையே வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார்கள். வர்ஷினிக்கு வலிப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பந்தலைப் பிரிப்பதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றது அந்தப் பிள்ளை.

கொமரலிங்கம் ஊரைத் தாண்டி அமராவதி ஆற்றங்கரையில் மிளகாய்க்காரியம்மன் கோயில் இருக்கிறது. அநியாயம் செய்யப்பட்டவர்கள் அங்கே போய் வரமிளகாயை அம்மியில் அரைத்து, அம்மன் கல்லில் பூசி, இன்னார் எரியவேண்டும் என்று பேர் சொல்லிவிட்டு வருவார்கள். காரியம் ஆனதும் திரும்பிப் போய் மோரூற்றிக் கழுவி, நல்லெண்ணெய் தடவி ஆற்றிவிட வேண்டும். அரைத்த கைதான் கழுவ வேண்டும், வேறு கை ஆகாது. மருதாள் மடி நிறைய மிளகாயோடு போனாள். அவள் அரைத்த அரைப்பில் அம்மி தேய்ந்ததாகச் சொல்கிறார்கள், அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. பூசை செய்கிற வேலாத்தாள், “பேரச் சொல்லு அம்மணி” என்றாள். மருதாள் பல்லைக் கடித்தாள். “அந்தப் பேர என்ற வாயால சொல்ல மாட்டேன். வயித்தெரிச்சல் புடிச்சவ எவளோ, அவ வயிறு பத்தி எரியோணும்.” இப்படிப் பேர் சொல்லாமல் யாரும் வேண்டியதில்லை என்று வேலாத்தாள் முணுமுணுத்தாள், ஆனால் அதற்குள் கல் சிவந்துவிட்டது. அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொருமுவதும் வயித்தெரிச்சல்தான், அடிபட்டவர் மனசு வேகுவதும் வயித்தெரிச்சல்தான். இரண்டுக்கும் ஒரே பேரை வைத்துக்கொண்டு புழங்குகிறோம். அம்மனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

அந்த வாரமே தெய்வாத்தாள் இடுப்பில் வைத்துக் கொண்டுவந்த குடத்துத் தண்ணீர் கொதித்தது. சேலை கட்டக் கட்டக் கருகியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குழாய் உருகி வந்தது. டாக்டர் அல்சர் என்று எழுதிக் கொடுத்தார். மருதாள் சுவருக்குத் தன் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் முனகலைக் காது குளிரக் கேட்டாள். கணவன் போன பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அந்த நாட்களில்தான். போய்க் கழுவிவிட்டு வரலாமே என்று வர்ஷினி சொன்னதற்கு, இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்றாள். பழி தீர்ந்ததா என்றால் தீர்ந்தது. தீர்ந்தும் போதவில்லை.

ஆனால் மாரப்பன் யாவாரி. ஒருநாள் கண்டெய்னர் வாசலில் நிற்க, கரண்ட் போய், டீ சர்ட்டெல்லாம் கசங்கிக் கிடந்தபோது, மனைவி படுத்திருந்த கட்டிலை அப்படியே கம்பெனிக்குள் தூக்கிவந்து போட்டார். சரக்கு நேரத்துக்குப் போனது. ஃபினிஷிங் அருமை என்று பையர் எழுதினான், அடுத்த சீசனுக்கு இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்தான். தெய்வாத்தாளுக்கு வலியும் பழகிவிட்டது. கல் மேடை கட்டி ஏசி போட்டுக் கொடுத்தார்கள், அதில் மகாராணிபோலச் சாய்ந்துகொண்டு வேலை வாங்கினாள். கவினுக்குக்கூடத் தாராபுரத்தில் பெண் அமைந்துவிட்டது. மருதாள் இதையெல்லாம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தான் அரைத்த மிளகாயில் அவள் பிழைக்கிறாளே என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் மருதாளின் மடியில் ஏறிப் படுத்த பூனை கத்திக்கொண்டு ஓடியது. அவள் கை வைத்துப் பார்த்தாள். வயிறு சுட்டது.

இரண்டு கம்பெனியிலும் கட்டிங் வேஸ்ட் எடுக்கிற பசீர் அகமது பாய்தான் அதை வெளியாட்களில் முதலில் கவனித்தவர். அவர் ஐந்து வேளை தொழுகிறவர், எடையில் கை வைக்காதவர். “எங்க மார்க்கத்துல இந்தப் பொறாமயச் சின்னத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க அம்மணி” என்றார். “அவளுக்கு ஏன் குடுத்தேன்னு படைச்சவங்கிட்டயே சண்டைக்குப் போற மாதிரிங்க இது. அந்தச் சண்டைல செயிச்சவங்க யாருங்க?” மருதாள் மூட்டையை இன்னொரு தடவை எடை போடச் சொன்னாள். பிறகு, “மொதல்ல சண்டைக்குப் போனது நானுங்களா பாய்?” என்றாள். பசீர் பாய் மூட்டையை மறுபடி தராசில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் மூட்டைகளை வாசலிலிருந்தே எடுத்துக்கொண்டார், உள்ளே சூடு அப்படி.

வர்ஷினிக்குக் கொமரலிங்கத்திலிருந்தே மறுபடி ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பேர் நித்தீஷ். அந்த ஊர்க்காரர்களுக்கு எரிகிற வயிறு புதிதில்லை, அவர்கள் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வர்ஷினி அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “தாலி கட்டும்போது நீ என்ற பக்கத்துல நிக்கோணும்மா. நக வேண்டாம், காரு வேண்டாம். அது போதும்.” தாலியறுத்தவள் மேடை ஏறுவதா என்று இழுத்த சொந்தக்காரர்களை அவளே சண்டை போட்டு வாயடைத்து வைத்திருந்தாள். ஆனால் மருதாள் கிட்டே வந்தால் மாலை கருகிவிடும். கழுவினால்தான் ஆகும். மருதாள் மகளுக்காக ஒரு தூக்குப்போசி மோரும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போனது மனசாரத்தான், அதை மறுக்க முடியாது.

கோயிலில் வேலாத்தாளைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. குற்றம் செய்தவள் ஓரகத்தியாக இருக்கத் தனக்கு ஏன் எரிகிறது என்று கேட்டாள். வேலாத்தாள் விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். “அம்மன் யாருக்கும் நெருப்பு வெக்கறதில்ல அம்மணி. இருக்கற நெருப்ப ஊதி உடறவ. நீ பேரா சொன்ன? எரிச்சல்னு சொன்ன. எங்கெங்க இருந்துச்சோ அங்கெல்லாம் ஊதிட்டா. கழுவி உட்டுரு, ஆறிப்போயிரும்.”

“எனக்கா?”

“ரெண்டு பேத்துக்குந்தான். கல்லு ஒண்ணுதான?”

மருதாள் போசி மூடியில் கை வைத்தாள். தெய்வாத்தாள் குளிர்ந்த வயிற்றோடு கால் நீட்டித் தூங்குவது அவள் கண் முன்னால் வந்தது. மகள் தனியாக மேடையில் நிற்பதும் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “எனக்கு எரிஞ்சாப் பரவால்லீங்க” என்றாள் கடைசியில். “அவளுக்கு ஆறக்கூடாது.” மூடியைத் திறந்து மோரைத் தானே குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். மோர் தொண்டையைத் தாண்டுவதற்குள் திரிந்துவிட்டது.

கல்யாணம் ஒரு ரோட்டோர மண்டபத்தில் நடந்தது. மருதாள் வாசலுக்கு வெளியே, வாழைமரத்துக்கு எட்டத்தில் நிறுத்தப்பட்டாள். மாரப்பன் முறை தவறாதவர், பெரியம்மாக்காரி வராமல் இருக்கலாகாது என்று தெய்வாத்தாளையும் கூட்டி வந்திருந்தார். அவளையும் உள்ளே விட முடியாது. வேறு இடமில்லாததால் அவளையும் அங்கேயே நிறுத்தினார்கள். வேறு யாராலும் அவர்களில் ஒருத்தி பக்கத்தில்கூட நிற்க முடியாதபோது, அவர்கள் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். ஒருத்தி சூடு இன்னொருத்திக்கு உறைக்கவில்லை.

கெட்டிமேளம் கேட்டபோது மருதாளின் கண்ணில் வந்த தண்ணீர் கன்னத்தில் இறங்குமுன் ஆவியானது. தாலி ஏறியதும் வர்ஷினி மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூ வாடாத தூரத்தில் நின்று, குனிந்து, தார் ரோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்தபோது அம்மாவைப் பார்த்தாள். ஓரகத்திகள் இருவரும் உள்ளங்கையில் வைத்திருந்த அட்சதையை வீசினார்கள். கையை விட்டுக் கிளம்பும்போதே அரிசி பொரிந்துவிட்டது. பிள்ளைகள் தலையில் மஞ்சள் பொரியாகத்தான் விழுந்தது. போட்டோக்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டார்கள். நித்தீஷ் சட்டையில் ஒட்டியிருந்ததில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி என்றான்.

மருதாள் அதைக் கேட்கவில்லை. அவள் கீழே சிதறிக் கிடந்த பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வாத்தாள் கையிலிருந்து விழுந்தவை கொஞ்சம் பெரிதாகப் பொரிந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. வயிறு இன்னும் ஒரு சுற்று கூடுதலாகச் சுட்டது.