கார் நிறுத்தத்தான் பார்த்தது

அண்ணனின் காரை இழுவை வண்டியிலிருந்து இறக்கியபோது, அன்றைக்கு அவளுக்கு அது நான்காவது வண்டி. பம்பர் பிளந்திருந்தது. இடது விளக்கு ஒயரோடு வெளியே தொங்கியது.

சர்வீஸ் சென்டரில் அவளை எல்லாரும் 'ஸ்கேனர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைச் செருகி, உள்ளே பதிவாகியிருப்பதைப் படித்துச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே ஸ்டூல், அதே கழுத்துவலி.

"உங்க அண்ணன் வண்டியாச்சே, வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"வேற யாரு சார் இருக்கா?"

இருந்த இன்னொரு ஆள் வேலையை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. நாளெல்லாம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓட்டுகிறவன். இரண்டு நாளைக்கு முன்னால் காலை பத்து மணிக்கு, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு தையல்காரம்மாவை இடித்துவிட்டான். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"காரு நிக்கலம்மா. தானா பிரேக் போடும்னுதானே இதைத் தேடி வாங்கினேன்? சென்சார் கோளாறுன்னு எழுதிடு. நீ எழுதினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவள் ஸ்கேனரைச் செருகினாள். இடிப்பதற்கு முந்தைய ஐந்து விநாடிகள் திரையில் வரிசையாக வந்தன. இரண்டரை விநாடிக்கு முன்பு எச்சரிக்கை ஒலி. அடுத்து, கார் தானாகவே பிரேக் போடத் தொடங்கியிருக்கிறது. வேகம் குறைந்திருக்கிறது. உடனே ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் அழுந்தியிருக்கிறது. கார் போட்ட பிரேக் விலகியிருக்கிறது. அண்ணனின் கால் பிரேக் பக்கமே போகவில்லை.

மூன்று தடவை படித்தாள்.

"அண்ணா, கார் நிறுத்தத்தான் பாத்திருக்கு. நீதான் விடல."

"என்னது?"

"அது பிரேக் போடுறப்போ நீ ஆக்சிலரேட்டரை மிதிச்சிருக்கே. மிதிச்சா, ஓட்டுறவர் தெரிஞ்சுதான் மிதிக்கிறாருன்னு அது பிரேக்கை விட்டுடும்."

அண்ணன் தரையைப் பார்த்தான். "ஃபோன்ல டாக்டர் ஒருத்தர் மெசேஜ் அனுப்பியிருந்தாரு. அதைப் பாத்துட்டிருந்தேன். பீப்னு கத்துச்சு. எப்பவும் கத்துறதுதானே? பாலத்து வளைவுல தெனமும் ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கத்தும். ஆக்சிலரேட்டரை லேசா அழுத்து, அடங்கிடும்னு நீதானே சொன்னே?"

சொன்னாள்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் காரை நிறுத்திவிட்டு அவன் கேட்டபோது, அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த எச்சரிக்கையைத் தருகிற முன்பக்கக் கேமராவைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்கு அவளிடம் அந்த ஒரு மணி நேரம் இல்லை.

கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அறிக்கையில், தானியங்கி பிரேக் வேலை செய்தது, ஓட்டுநர் அதை மீறி ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்கிறார் என்று எழுதினாள். பிறகு கீழே இன்னொரு வரி: 'தவறான எச்சரிக்கை வருவதாக உரிமையாளர் முன்பே சொன்னார். நான் சரிபார்க்காமல், அழுத்திக் கடந்துபோகச் சொன்னேன்.'

சூப்பர்வைசர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வரி எதுக்கும்மா? வேலைக்கே உலை வச்சிடும்."

"எழுதலைன்னா மட்டும் தூக்கம் வந்துடுமா சார்?"

அன்று மத்தியானமே அண்ணனும் அவளும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாதி வழியில் அண்ணன் சொன்னான்: "ஆறு ஏர்பேக் இருக்குன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். ஆறும் எனக்குத்தான். ரோட்டுல நடந்து வந்தவங்களுக்கு ஒண்ணுமில்ல."

தையல்காரம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். "யாரு நீங்க?"

"நான்தாம்மா ஓட்டினேன். ஃபோனைப் பாத்துட்டிருந்தேன்," என்றான் அண்ணன். இரண்டு நாளாக வண்டிதான் நிற்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தவன்.

"அந்தக் காரைச் சரியா பாக்காம அனுப்பினது நான்," என்றாள் அவள்.

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "வெட்டின துணியெல்லாம் மெஷின்மேல அப்படியே கெடக்கு. யாரு தைப்பா?"

பிறகு அண்ணனைப் பார்த்து, "தலையணையைக் கொஞ்சம் மேல ஏத்தி வைப்பா," என்றார். அண்ணன் குனிந்து ஏற்றி வைத்தான்.

மறுவாரம் அந்தக் கடைசி வரிக்கு விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்தது. அண்ணன்மேல் வழக்கு நடக்கிறது. எலும்பு சேர இன்னும் மூன்று மாதமாகும் என்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அவன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். அந்த அம்மா அவனிடம் அதிகம் பேசுவதில்லை.