பூசையில் வாசித்த பெயர்

ஆன்றோவின் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது சுனிதாவின் போன் அடித்தது. சிஸ்டர் ரெஜினாள்.

"சுனிதா, நாங்க செம்பூர்ல இருந்து கிளம்பிட்டோம்மா. பதினாலு பேரு. தொண்ணூறடி ரோட்டுக்கு வந்ததும் போன் பண்றேன்."

"எதுக்கு சிஸ்டர் இவ்வளவு தூரம்…"

"வீட்டுக்காரரோட தம்பின்னு சொன்னியே, வராம இருப்போமா? நம்ம இல்லத்துல யாருக்குத் துக்கம்னாலும் எல்லாரும் போய் ஜெபமாலை சொல்றதுதானே வழக்கம். தைரியமா இரு."

தம்பி என்று காலையில் சொன்னது அவள்தான். இல்லத்துத் தையல் கூடத்தில் லீவு கேட்கும்போது வாயில் வந்தது அதுதான். ஆனால் தம்பி ஜிபின் உயிரோடு மஸ்கட்டில் கட்டட வேலையில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை என்று காலையில் போனில் அழுதான். பாயில் பிணமாகக் கிடப்பது அவன் அண்ணன் ஆன்றோ, அவள் புருஷன். நாலு வருஷத்துக்கு முன் அவளையும் பிள்ளையையும் விட்டுவிட்டு சூரத்துக்குப் போனவன், குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, பத்து நாளைக்கு முன்னால்தான் தாராவியில் அம்மாவிடம் வந்து சேர்ந்தான். இன்று விடியும்போது போய்விட்டான்.

ஆனால் ரூத் இல்லத்தைப் பொறுத்தவரை ஆன்றோ செத்து மூன்று வருஷம் ஆகிறது.

கன்னியர்கள் நடத்தும் அந்த இல்லத்தில் புருஷனை இழந்தவர்களுக்கு மட்டும்தான் இடம். விட்டுவிட்டுப் போனவனின் மனைவியைச் சேர்ப்பதில்லை. அப்படிச் சேர்த்த ஒருத்தியின் புருஷன் திரும்பி வந்து கேட்டில் கல்லெறிந்த நாளிலிருந்து இந்தச் சட்டம். நாலு வயசு ஜெனிஃபரை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றவளிடம், "வீட்டுக்காரர்?" என்று கேட்டார் சிஸ்டர். "இறந்துட்டாரு" என்றாள். சர்டிஃபிகேட் ஊரிலிருந்து வரவேண்டும் என்றாள். பிறகு யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு ஓர் அறை கிடைத்தது, வேலை கிடைத்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது.

பொய் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நவம்பர் பிறந்ததும் இல்லத்துப் பெண்கள் எல்லாரும் தங்கள் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பீடத்தடியில் வைப்பார்கள். பூசையில் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். அவள் மட்டும் எழுதாமல் எப்படி இருப்பது? மூன்று நவம்பரும் எழுதினாள். கடைசியாக எழுதி நாலு மாதம்கூட ஆகவில்லை. ஆன்றோவைக் குடி கொல்லவில்லை, தன் கையெழுத்துதான் கொன்றது என்று காலையிலிருந்து அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஜெனிஃபரை இல்லத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பா சாமிகிட்ட இருக்காரு என்று சொல்லியே வளர்த்த பிள்ளையிடம் இந்த முகத்தைக் காட்டி என்னவென்று சொல்வது?

"யாருட்டி, ஒங்க மடத்து அம்மாமாரா?" மகனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த லூசியம்மாள் கேட்டாள்.

சுனிதா கதவைச் சாத்தினாள். மாமியாரின் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நவம்பர் சீட்டையும் மறைக்கவில்லை.

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"உசுரோட கெடக்கையில எம் மவனுக்குச் செத்தவன் பூச வச்சிருக்க."

"தெரிஞ்சா ரூமு போயிரும் அத்தே. பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவேன்?"

"இங்க வந்திருக்கலாம்லா."

சுனிதாவின் கையை ஆன்றோ முறித்தது இந்த அறையில்தான். அன்றைக்கு லூசியம்மாளும் இங்கேதான் இருந்தாள். பிறகு லூசியம்மாள் மிச்சத் தலையையும் வாரி முடித்தாள்.

சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள் சுனிதா. கோயிலிலிருந்து பெட்டியும் பெயர் எழுதிய சிலுவையும் நாலு மணிக்குத்தான் வரும். அதற்குள் இவர்கள் போய்விட வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும்.

பதினாலு பேரும் சந்துக்குள் ஒற்றை வரிசையில் வந்தார்கள். அறை கொள்ளாது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார்கள். சிஸ்டர் ரெஜினாள் லூசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு முழந்தாளிட்டு ஜெபமாலையை எடுத்தார்.

"இறந்தவர் பேரு என்னம்மா? ஜெபத்துல சொல்லணும்."

சுனிதா வாயைத் திறந்தாள். ஜிபின் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வார்த்தை வரவில்லை. உயிரோடு இருந்தவன் பெயரை எழுதி ஒருவன் போயாயிற்று. இப்போது மஸ்கட்டில் சாரத்தின் மேல் நிற்கிறவனை இந்த வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அறை போகும், பள்ளிக்கூடம் போகும்.

"சுனிதா?"

"ஜிபின்," என்றாள் லூசியம்மாள். "ஜிபின்னு சொல்லுங்க சிஸ்டர். என் எளைய மவன்."

அவள் சுனிதாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஜெபம் தொடங்கியது. ஜெபமாலையின் ஒவ்வொரு தேவரகசியத்தின் முடிவிலும் ஜிபினின் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று சிஸ்டர் மன்றாடினார். ஐந்து முறை. லூசியம்மாள் எல்லாரோடும் சேர்ந்து பதில் சொன்னாள். காலையிலிருந்து பேர் சொல்லிக் கதறிக்கொண்டிருந்தவள், இப்போது அழுதபோது மவனே, மவனே என்று மட்டும் அழுதாள்.

கிளம்பும்போது சிஸ்டர் சுனிதாவின் நெற்றியில் சிலுவை வரைந்தார். "மாமியாரைப் பாத்துக்கோ. மூணு நாள் கழிச்சு வந்தாப் போதும்."

செருப்புச் சத்தம் சந்தின் முனைவரை போய் அடங்கியது.

"ஜிபினுக்குப் போன் போடு," என்றாள் லூசியம்மாள்.

"காலைலதானே பேசிச்சு அத்தே. இப்ப வேலையில இருக்கும்."

"போடுட்டி. சத்தமா வையி."

சுனிதா ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். மணி அடித்தது. நெடுநேரம் அடித்துத் தானாக நின்றது.

லூசியம்மாள் ஆன்றோவின் நெற்றியில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

"மறுபடியும் போடு," என்றாள்.