துணை ஆளுநரின் கை

கஜேந்தினி தஸ்மானியாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது தம்பியால்தான். மதுரன் படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போனவன். ஒரு தீவு முகாமிலும் பிறகு வேறு முகாம்களிலும் அடைபட்டுக் கிடந்துவிட்டு, கடைசியில் தஸ்மானியாவின் ஹோபார்ட் நகரில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் எப்படிப்பட்ட ஊரில் இருக்கிறான் என்று அறிய, ஒஸ்லோவில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த அக்கா நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

அதில் துணை ஆளுநர்கள் வந்தார்கள். இலண்டனில் அரசர், சிட்னியில் ஆளுநர், கடலுக்கு அப்பால் இந்தத் தீவில் ஒரு துணை ஆளுநர். குடியேறியவர்களுக்குக் காணி கொடுப்பதும், தூக்குத் தண்டனைக் கைதியை மன்னிப்பதா தூக்கிலிடுவதா என்று தீர்மானிப்பதும் அவர் கையில் இருந்தன. இலண்டனுக்கு எழுதினால் பதில் வர மாதக் கணக்காகும். அதற்குள் அவர் முடித்துவிடுவார். பூர்வகுடிகள்மீது இராணுவச் சட்டம் பிறந்தது அப்படித்தான். அவர்களை வளைத்துப் பிடிக்கத் துப்பாக்கியோடு ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாகக் காட்டுக்குள் இறங்கியதும் அவருடைய கட்டளையில்தான். உயிர் தப்பியவர்கள் ஒரு சின்னத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை.

கஜேந்தினியால் அந்தப் புத்தகத்தை மூடிவைக்க முடியவில்லை. அதுவே அவளுடைய முனைவர் பட்ட ஆய்வாகிவிட்டது.

அம்மா இராசமணிக்கு அது பிடிக்கவில்லை. அப்பா இறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் ஒரு தொடர்மாடியில் மகளோடு இருந்தார்.

“செத்துப்போன வெள்ளையளைப் பற்றி எழுதி என்ன காணப்போறாய்? என்ரை பிள்ளையை விடச் சொல்லி எழுதன்” என்பார்.

சென்ற மாசி மாதம் அம்மாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. கண்டபோதே முற்றிவிட்டிருந்தது. கோடை வரை இருப்பார் என்று வைத்தியர் சொல்லவே இல்லை. அம்மா அழவில்லை. “மது எப்ப வாறான்?” என்று மட்டும் கேட்டார்.

மதுரனிடம் இருந்தது தற்காலிக அனுமதி. நாட்டை விட்டு வெளியேறினால் அது இரத்தாகிவிடும். திரும்ப முடியாது. கையில் கடவுச்சீட்டும் இல்லை. ஆனாலும் போய்த் திரும்பிவர அனுமதி கேட்டு அவன் விண்ணப்பித்தான்.

“அக்கா, இண்டைக்கு அந்தக் குடிவரவு ஒஃபிசுக்குப் போனனான்.”

“என்ன சொன்னவை?”

“நல்ல மனுசி அக்கா. தண்ணி தந்தவ. அம்மாவின்ரை படத்தைப் பாத்துக் கண் கலங்கினவ. ஆனால் தன்னாலை ஏலாதாம். அமைச்சருக்குப் பதிலா இருந்து கையெழுத்து வைக்கிற ஆள் மட்டும்தானாம் தான். மேலை அனுப்பிறாவாம்.”

“மேலை எண்டால் ஆரிட்டை?”

“அது அவவுக்கே தெரியேல்லை.”

கஜேந்தினிக்கு அந்தப் பெண்ணை ஏற்கெனவே பல வருடங்களாகத் தெரியும் போலிருந்தது.

பங்குனியில் அம்மாவின் பேச்சு குறைந்தது. கஜேந்தினி வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் தெளிவாகச் சொன்னார்.

“கொள்ளி அவன்தான் வைக்கோணும். அவன் வருமட்டும் என்னை வைச்சிருங்கோ.”

“வைச்சிருப்பம் அம்மா.”

அந்த வார்த்தையைக் கொடுத்தபோது கஜேந்தினி அதை நிறைவேற்றவே நினைத்தாள். இரண்டு நாளில் அம்மா போய்விட்டார்.

நோர்வேயில் உடலை நீண்ட நாள் வைத்திருக்க விடமாட்டார்கள். கஜேந்தினி நகரசபைக்கு எழுதித் தவணை கேட்டாள். ஒருமுறை கொடுத்தார்கள். அதுவும் முடிய வந்தது. ஹோபார்ட்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. மதுரன் ஒவ்வொரு நாளும் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தான். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

“இன்னும் ஒரு தவணை கேளுங்கோ அக்கா.”

“தருவினமோ தெரியாது மது.”

“கேட்டுப் பாருங்கோவன்.”

அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார்கள். ஆனால் அம்மா குளிர் அறையில், ஒரு இழுப்பறைக்குள் கிடந்தார். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கஜேந்தினிக்குச் சோறு இறங்கவில்லை. ஹோபார்ட்டிலிருந்து பதில் நேரத்துக்கு வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியான அலுவலகங்களைப் பற்றித்தானே எட்டு வருடமாக எழுதியிருக்கிறாள். தகனத்துக்குத் தேதியை அவளே குறித்தாள். பிறகுதான் தம்பிக்குச் சொன்னாள். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அம்மாவின் தம்பி குலசேகரம் மாமா பக்கத்து ஸ்டோவ்னரிலிருந்து வந்து கத்தினார். “பொம்பிளைப்பிள்ளை கொள்ளி வைக்கிறதோ? சனம் என்ன சொல்லும்? நான் வைக்கிறன்.”

“தம்பிக்குப் பதிலா நான் வைக்கிறன் மாமா. அவனுக்கும் அம்மாவுக்கும் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.”

“அவன் உன்னை வைக்கச் சொன்னவனோ?”

“இல்லை.”

மாமா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஐயருக்குத் தொலைபேசி எடுக்கப் போனார்.

எரியூட்டும் மண்டபத்தில் ஐயர் தேவாரம் பாடி முடித்தார். வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. மாமாவின் கையில் இருந்த தொலைபேசியில் மதுரனின் முகம் தெரிந்தது. கடைசி நேரத்தில்தான் இணைப்பில் வந்திருந்தான். வேலை உடுப்போடு, மீன் தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில் நின்றான். இங்கே காலை, அங்கே மாலை. பெட்டி இரும்புத் தண்டவாளத்தின்மேல் வைக்கப்பட்டிருந்தது. கொள்ளிக்குப் பதிலாக, அதை உலைக்குள் அனுப்பும் பொத்தானை ஊழியர் மெதுவாகக் காட்டினார்.

கஜேந்தினி கையை வைத்தாள்.

“அக்கா, நில்லுங்கோ.”

அவள் திரும்பவில்லை.

“ஒரு கிழமை. ஒரே ஒரு கிழமை அக்கா. அம்மா கேட்டவ எல்லே? நில்லுங்கோ அக்கா!”

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். ஊழியருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குரல் விளங்கியிருக்க வேண்டும், ஒரு அடி பின்னால் போய் நின்றார். கஜேந்தினி அழுத்தினாள். கதவு மேலே எழும்பியது, பெட்டி நகர்ந்தது, கதவு இறங்கியது. மாமா தொலைபேசியைப் பார்த்தபோது திரை இருண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்த பிறகு, பட்டத்துக்கான விரிவுரைத் தலைப்பை மதிப்பீட்டுக் குழு அனுப்பியது. குடியேற்ற அவுஸ்திரேலியாவில் துணை ஆளுநர்களின் பங்கும், அவர்கள் விட்டுச் சென்றதும். நோர்வேயில் பட்டம் கொடுப்பதற்கு முன்னர் எல்லோர் முன்னிலையிலும் விரிவுரை செய்ய வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர்களின் கேள்விகளுக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

வைகாசியில் அது நடந்தது. மாமா தன்னுடைய நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் வயதான, நிதானமான மனிதர். அவர் கேட்டார்:

“மேலே இலண்டன். பதில் வர மாதங்கள் ஆகும். கீழே ஆயுதத்தோடு கொதித்துப்போயிருக்கும் குடியேறிகள். நடுவில் அகப்பட்ட மனிதரிடம் நீங்கள் மிகவும் கடுமையாக நடந்துகொள்கிறீர்கள். அவர் உண்மையில் வேறென்ன செய்திருக்க முடியும்?”

அதற்கு அவளிடம் ஆயத்தமான பதில் இருந்தது. மூன்று ஆதாரங்களோடு மனப்பாடம் செய்திருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டாள். தண்ணீர் குடித்தாள்.

“அவர் நெருக்கடியில் இருந்தார் என்பது உண்மை” என்றாள். “கெட்ட மனிதர் என்றுகூட நான் நினைக்கவில்லை. பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார், தொடக்கத்திலேயே அந்த மக்களோடு ஒப்பந்தம் செய்யாதது பெரும் பிழை என்று எழுதியிருக்கிறார். நெருக்கடி எப்படி வந்தது என்பதை மேலிடமும் காலமும் தூரமும் விளக்கும். ஆனால் நில் என்ற குரல் அவருக்குக் கேட்டது. கேட்டும் செய்தார். அந்தக் கை அவருடையது. வேறு வழி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வழி இல்லாமல் இருந்திருந்தாலும் கை அவருடையதுதான்.”

மதிப்பீட்டாளர் தலையசைத்து, அடுத்த கேள்விக்குப் போனார். பட்டம் கிடைத்தது. மாமா கேக் சாப்பிட்டுக்கொண்டே, “உந்த மனுசனுக்கு நீ சொன்னது விளங்கினதோ தெரியேல்லை, எனக்கு விளங்கினது பிள்ளை” என்றார்.

ஆனியில் மதுரன் அழைத்தான். அவ்வளவு நாளும் அவளுடைய அழைப்பை எடுக்காதவன்.

“பதில் வந்திட்டுது அக்கா. அம்மா செத்துப்போனதாலை பயணத்துக்கு இனிக் காரணம் இல்லையாம். ஃபைலை மூடிட்டினம்.”

“மது...”

“இன்னும் ஒரு கிழமை வைச்சிருந்தால் தந்திருப்பினமோ?”

“தெரியாது.”

“சட்டம் விடேல்லை எண்டு சொல்லுங்கோ. நான் நம்புறன்.”

அவன் உண்மையிலேயே நம்பத் தயாராக இருந்தான். குரலில் கெஞ்சல் தெரிந்தது. கஜேந்தினி சமையலறைக் கதிரையில் அமர்ந்தாள்.

“சட்டம் இல்லை மது. ரெண்டாம் தவணை நான் கேக்கவே இல்லை. அம்மாவை அந்த அறைக்கை வைச்சிருக்க என்னாலை ஏலாமல் போச்சுது. நான்தான் தேதி வைச்சனான். நீ நில் எண்டு சொன்னதும் கேட்டது.”

மதுரன் பேச்சை மாற்றினான்.

“சாம்பலை என்ன செய்யப்போறியள்?”

“நீ சொல்லு. நீ சொல்லுறபடி செய்யிறன்.”

“நீங்களே முடிவெடுங்கோ அக்கா. உங்களுக்குப் பழக்கம்தானே.”

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஃபியோர்ட் என்னும் கடற்கழியில் சாம்பலைக் கரைப்பதுதான் இங்குள்ள தமிழரின் வழக்கம். மாமாவும் அதைத்தான் சொன்னார். கஜேந்தினி மறுத்துவிட்டாள். மதுரன் என்றைக்காவது வந்தால் போய் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று குரோருட் மயானத்தில் ஒரு சிறு நிலத்துக்குள் சாம்பலைப் புதைத்தாள். அதையும் அவளே முடிவெடுத்தாள். இடத்தின் படத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். அவன் பார்த்தான். ஒன்றும் எழுதவில்லை.