நடு சி எங்கே?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெர்சிக்குத் தையல் பிரிவு. தோலில் ஊசி இறங்க வேண்டிய இடத்தில் சில்வர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும், அப்புறம் கை தானாக ஓடும். அந்தப் பழக்கத்தில், சர்ச் கீபோர்டில் வாசிக்கப் பழகிய முதல் நாளே, நடு சி என்கிற வெள்ளைக் கட்டையின் ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி வைத்தாள். கட்டைவிரலை அதில் வைத்தால் மற்ற விரல்கள் தத்தம் இடத்துக்குப் போய்விடும். ஆறு மாசமாக அந்தப் புள்ளிதான் அவளுக்கு வாத்தியார்.

வழக்கமாக வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட்டதால், இந்த ஞாயிறு சபை முன்னால் மெர்சி. தப்பான இடத்தில் ஆரம்பித்தால் நூற்றைம்பது பேரின் பாட்டும் கவிழும். அடுத்த வாரமே, இனிமேல் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். கீபோர்டுக்கு முன்னால் கிடந்த அந்த நாற்காலியை இழக்க அவளுக்கு மனசே இல்லை.

பாஸ்டர் சைகை காட்டினார். மெர்சி உட்கார்ந்தாள். கீபோர்டு பளபளவென்று இருந்தது. புள்ளியைக் காணோம்.

கீபோர்டை ஒட்டிய முதல் வரிசையில் அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். அதே கம்பெனியில் அவன் ஃபினிஷிங். தைத்து வரும் ஷூவில் ஒரு சில்வர் கறைகூட மிஞ்சாமல் துடைப்பதுதான் பதினோரு வருஷமாக அவன் வேலை.

"இன்னாங்க, இதத் தொடச்சீங்களா?" என்றாள் மெல்ல.

"காலைல சேர் போட வந்தேன்ல, அப்பவே. ஒரு கறை இருந்துச்சு. சுத்தமா எடுத்துட்டேன்."

"அது கறை இல்லீங்க. அதான் என்னோட சி."

அவன் முகம் வெளுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டான், ஜெபம் செய்கிறானோ என்னவோ.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபப்பட நேரமில்லை. எதிரே இருந்த இசைத்தாளைப் பார்த்தாள். மேலே வலது கைக்கு ஐந்து கோடு, கீழே இடது கைக்கு ஐந்து கோடு. நடுவில், தனக்கென்று ஒரு குட்டிக்கோடு போட்டுக்கொண்டு நடு சி ஸ்வரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தாளில் நடுவில் என்றால் கட்டைகளிலும் நடுவில்தானே? கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் நின்றன. இரட்டைகளை மட்டும் எண்ணினாள். ஐந்து. நடுவில் நிற்பது மூன்றாவது. அதற்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளைக் கட்டை. எல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். புள்ளி இருந்ததால் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அழுத்தினாள்.

ஆறு மாசமாகக் கேட்ட அதே நாதம். மெர்சிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சபை மூச்சை இழுத்து ஒன்றாகப் பாட ஆரம்பித்தது. ஜெயப்பிரகாஷ் கண்ணைத் திறந்து, எல்லோரையும்விட உரக்கப் பாடினான். சுருதிக்கும் அவனுக்கும் என்றைக்கும் ஆகாது. இன்றைக்கு அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். மெர்சி தாளைத் திருப்பி முதல் வரியைத் தேடினாள். அவள் கட்டைவிரல் அதற்குள் சி-யில் போய் உட்கார்ந்திருந்தது.