கால் கிலோ போஞ்சி

கொதிக்கும் தண்ணீரில் நறுக்கிய போஞ்சிக்காய் இரண்டு நிமிடம்தான் கிடக்க வேண்டும். உடனே வடித்து ஐஸ் தண்ணீரில் கொட்டி, துணியில் உலர்த்தி, பையில் கட்டி ஃபிரீசருக்குள் வைத்துவிடலாம். ஆரம்பத்தில் சிவநந்தினி பச்சையாகவே வைத்துவிட்டாள். கறியில் அது ரப்பர் மாதிரிக் கடிபட்டது. பிறகு ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டாள். இப்போது பக்குவம் தப்புவதே இல்லை. என்ன பிரயோசனம்? சாப்பிட அவள் ஒருத்திதான்.

விஜேந்திரன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம். இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று தெரியும். எங்கே என்று விசாரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீடுகளில் அவனுக்குத் திருகோணமலையில் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். மாத்தளைச் சந்தையில் மரக்கறி விற்கும் புஹாரி நாநாவிடம் அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. இரண்டு வேளையும் போஞ்சி கேட்கிறவன் விஜேந்திரன் என்பதால், பதினோரு வருடமாக அவர் கேட்காமலே ஒரு கிலோ நிறுப்பார். கால் கிலோ போதும் என்றால் ஏன் என்பார். சந்தைக்கு நடுவில் அழுதுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் பை பையாக உறைந்துகொண்டிருந்தது.

இந்த ஞாயிறு நாவுலயிலிருந்து வந்த போஞ்சி குவிந்து கிடந்தது. புஹாரி நாநா இரண்டு கை அள்ளித் தராசில் போட்டார். கால் கிலோவோடு நிறுத்திப் பையைக் கட்டினார்.

"என்ன நாநா, கொறைச்சுப் போட்டுட்டீங்க?"

"போதும்தானே தங்கச்சி."

அவளுக்குக் காது சுட்டது. "இல்ல, அவருக்கு..."

"அவர் பலாபத்வலயில என்ட தம்பிட மரக்கறிக் கடைக்கு வாறார்," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆறு மாசமா."

ஆறு மாதமாகத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"தெரிஞ்சுக்கிட்டேவா ஒரு கிலோ குடுத்தீங்க?"

"நீங்க ஒண்டும் சொல்லல்லயே. நான் எப்படிக் கேக்குற?" தராசுத் தட்டை வெறுமனே துடைத்தார். "நேத்து தம்பிக்குச் சுகமில்லண்டு நான் அங்க நின்டேன். அவருக்குப் போஞ்சி என்ட கையாலதான் நிறுத்துக் குடுத்தேன். இன்டைக்கு ஒங்களுக்கும் அதே மாதிரி நிறுக்க எனக்குக் கை வரல்ல."

"ஒரு கிலோவா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

பஸ் நிலையத்தில் யட்டவத்த பஸ் நின்றது. அதில்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். கால்கள் அதைத் தாண்டி நடந்தன. எட்டு மாதமாக உலகத்தின் மறுகோடியில் இருப்பதாக நினைத்திருந்தவன் அரை மணி நேரத் தூரத்தில்தான் போஞ்சி தின்றுகொண்டிருக்கிறான். போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போகாமல் வீட்டுக்குத் திரும்பி என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

"பலாபத்வல, நாவுல, தம்புள்ள!"

தம்புள்ள பஸ் நிரம்பி உறுமிக்கொண்டிருந்தது. கால் கிலோப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்றாள். கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஆளுக்கு இடமிருக்கிறது என்று அவளைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டினான்.