பெரோலாவுக்கு எத்தனை சாண்

பெரோலா என்ற மலைப்பாம்பு வளர்ந்தது பசியாலும் அல்ல, வயதாலும் அல்ல, மரியாதையால். கொடுத்த இடத்தை மிச்சம் வைப்பது தப்பு என்று அது நினைத்தது. எத்தனை சாண் பெட்டி கொடுத்தாலும் விடிவதற்குள் அத்தனை சாணுக்கும் வளர்ந்துவிடும். இது எங்களுக்குத் தெரியவந்த வருஷம் மரவள்ளி மாவு விலை ஏறியது, இறால் மலிவாகக் கிடைத்தது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

பாரா மாநிலத்தில், ஆற்றுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் எங்கள் ஊரில் மாவுக்கடைக்காரர்கள் எல்லோருமே எலிக்காகப் பாம்பு வளர்ப்பார்கள். பூனையை நம்பிப் பிரயோஜனமில்லை, எங்கள் எலிகளைக் கண்டால் அது வழிவிட்டு நிற்கும். ஜொவெந்தினாவின் கடையில் இருந்ததுதான் பெரோலா. ஜொவெந்தினாவின் புருஷன் தங்கம் தேடி ஆற்றின் மேல்புறம் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமும் தேடிக்கொண்டான். பிள்ளையில்லை. அவள் யாரிடமாவது மனம்விட்டுப் பேசினாள் என்றால் அது இந்தப் பாம்பிடம்தான். சுரைக்குடுவையில் ஊற்றிக் கொடுத்த அசாயிப் பழக்கூழை அடிவரைக்கும் குடிக்காத விருந்தாளியை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடாத ஊர் இது. குட்டியிலிருந்து அந்த வீட்டில் கிடந்த பெரோலா அதையெல்லாம் பார்த்துப் பார்த்து நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது.

மாதா ஊர்வலத்தில் பக்தியோடு தானும் சேர்ந்து ஊர்ந்து போனதுதான் அது செய்த ஒரே குற்றம். தலைநகரிலிருந்து புதிதாக வந்திருந்த நகரசபை அதிகாரி அனிசெத்தோ, தன் காலடியில் அது ஜபத்துக்குத் தலை தாழ்த்தியதைப் பார்த்து மயங்கி விழுந்தார். எழுந்ததும் உத்தரவு போட்டார். பாம்புக்கென்று தனி இடம் வேண்டும், அதில் அது நீட்டிப் படுத்தபின் ஒரு சாணாவது மிச்சம் இருக்கவேண்டும், அடுத்த திருவிழாவுக்குள் இது நடக்காவிட்டால் பாம்பு கப்பலேறித் தலைநகர் மிருகக்காட்சிசாலைக்குப் போகும்.

ஜொவெந்தினா தச்சன் ஒசிவால்தோவிடம் ஓடினாள். ஒசிவால்தோ ஆயுசுக்கும் படகைத் தவிர வேறொன்றும் செய்யாதவன். தண்ணீரில் மரம் ஊறி உப்பும் என்று எதிலும் ஒரு சாண் கூட்டியே அறுப்பான். பாம்புப் பெட்டி ஆற்றில் மிதக்கப் போவதில்லை என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. ஒரு சாண் கூட்டினான், பெரோலா ஒரு சாண் வளர்ந்தது. மிச்சமில்லை. வேறு பெட்டி செய்தான், அதற்கும் வளர்ந்தது. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பிறவி. பெட்டி கடையை நிறைத்தது, அடுக்களைக்குள் நுழைந்தது, சுவரைத் துளைத்துக்கொண்டு படித்துறைக்கு வந்தது. படகு கட்டுகிறார்கள் என்று நினைத்து வழிப்போக்கர் இருவர் மூட்டை முடிச்சோடு ஏறி உட்கார்ந்து, எப்போது கிளம்பும் என்று கேட்டார்கள்.

"எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குற கதையா இருக்கே யக்கா!" என்றான் ஒசிவால்தோ, நெற்றி வியர்வையை வழித்தபடி.

"அது புடுங்கலடா. நீ குடுத்ததை வேணாங்காம வாங்கிக்குது. ஒன் வீட்டுச் சோத்தையும் அப்படித்தான் முழுங்குனேன் நான், உப்பு கரிச்சப்போகூட."

ஊர் இரண்டுபட்டது. மருந்துக்கடை எவில்லாசியோவுக்கு இதில் ஒரு படிப்பு உண்டு. "பெரிய பெட்டியில பாம்புக்குப் பயம் வரும்மா. தீனி எடுக்காது. வெரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். சின்னதாப் பண்ணு" என்றார். பண்ணினார்கள். அவர் கணக்குப்படி சுருட்டுப் பெட்டி அளவு. பெரோலா அதற்கும் மரியாதை செய்தது. காலையில் பார்த்தால் செருப்புக்கயிறு மாதிரி ஒன்று உள்ளே சுருண்டிருந்தது. ஒரு எலி வந்து பெட்டியோரம் உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே மாவு தின்றது. ஜொவெந்தினா அந்தக் கயிற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே அழுதாள். எவில்லாசியோ கடையைச் சாத்திவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

திருவிழாவுக்குக் கொடி கட்ட ஆரம்பித்தார்கள். கப்பல்காரன் பாம்பை ஏற்றக் கப்பலின் கீழ்த்தளத்தைக் கழுவியும் விட்டான். அன்று ஜொவெந்தினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுவரே வேணாம். நாலு கம்பம் நடு, மேல ஓலை போடு, போதும்" என்றாள்.

ஒசிவால்தோவின் கையிலிருந்து உளி விழுந்தது. "யக்கா, செவுத்தைக் கரையா வச்சப்பவே அது படித்துறை வரைக்கும் வந்துச்சு. கரையே இல்லன்னா இந்த ஆறு கணக்கா ஆயிடும். அப்புறம் நாங்கல்லாம் எங்க போறது?"

"இவ்வளவு நாளும் நாமதான் அளந்தோம். அதுக்கு எவ்வளவு வேணும்னு அதை யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. பெட்டி துளைத்த கடைச்சுவரை ஒட்டியே கம்பம் நட்டார்கள். முன்ஜாக்கிரதைக்காரர்கள் கோழிகளையும் கிழவர்களையும் படகில் ஏற்றி அக்கரையில் விட்டார்கள். ஜொவெந்தினா கயிறாகிக் கிடந்த பெரோலாவைக் கூரைக்குக் கீழே இறக்கி வைத்து, "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்றாள். நீ வேண்டாம், போய்விடு என்று பாம்பு அதை எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

அனிசெத்தோ அளவுகோலோடு வந்தார். மிச்சமிருக்கும் சாணை அளக்கத் தொடங்கினார். சுவர் இல்லாததால் நிறுத்தும் இடம் கிடைக்கவில்லை. அளந்துகொண்டே சந்தையைத் தாண்டி, கல்லறையைத் தாண்டி, ரப்பர் காட்டுக்குள் போனார். திருவிழா முடிந்து திரும்பிய அவர், மிச்சம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டு குடுவை அசாயி குடித்தார். இரண்டையும் அடிவரைக்கும் குடித்தார். பாம்பு கப்பலேறவில்லை.

பெரோலா அதற்கு முன்பே தன் அளவை முடிவு செய்திருந்தது. ஒரு பகல் முழுக்க யோசித்து, அவசரப்படாமல், பெரிதாகவும் இல்லாமல் சிறிதாகவும் இல்லாமல் நீண்டு ஓரிடத்தில் நின்றது. தலை மாவு மூட்டைகளுக்கு நடுவே எலிக்குக் காவல் இருக்கும். உடம்பு கடையின் குறுக்கே கிடக்கும். வால்நுனி ஜொவெந்தினா படுக்கும் தொங்குவலைக்குச் சரியாக எட்டும். அவள் படுத்ததும் அது வலையை மெல்ல ஆட்டிவிடும், அவள் தூங்கும்வரை. வாடிக்கையாளர்கள் பாம்பைத் தாண்டிக் கால் வைத்து மாவு வாங்கிப் போகிறார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தால் தாங்களே அளந்துகொள்கிறார்கள்.