பாய் சுருட்டிய காலை

என் புருஷனைக் கொன்ற தங்கப்பனிடமே கருவாடு காயப்போடும் வேலைக்குச் சேர்ந்தேன். திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையே என்னைக் காறித் துப்பியது. துப்பட்டும்.

அவனுக்குக் கள்ளக்கடத்தல் தொழில். கரையில் இருக்கும் போலீஸ்காரர்களை எப்படியோ சரிக்கட்டிவிடுவான். கரையோரமாகப் பறந்து படம்பிடிக்கும் கடற்படையின் வேவு விமானத்தை மட்டும் அவனால் சரிக்கட்ட முடியவில்லை. எண்பத்து நாலு தையில், நடுக்கடலில் அதன் சத்தம் கேட்டது. பொதிகளைப் படகுக்கு அடியில் கட்ட நீரில் இறங்கியிருந்த என் பூமிநாதனை அப்படியே விட்டுவிட்டுப் படகை முடுக்கினான், பாவி. கரைக்கு வந்து, "அலை கொண்டு போயிடுச்சு அமிர்தம்" என்று என் முன்னால் அழவும் செய்தான். கூடப் போன கருப்பையன்தான் பிறகு குடிவெறியில் உண்மையைக் கக்கினான்.

விமானத்தை ஏமாற்றத் தங்கப்பன் ஒரு வழி வைத்திருந்தான். மணலில் பள்ளம் தோண்டிப் படகை இறக்கி, குறுக்கே நாலு மூங்கில் போட்டு, மேலே ஓலைப்பாய் விரித்துக் கருவாடு காயப்போடச் சொல்வான். சுற்றிலும் ஊர்ப்பெண்களின் பாய்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

ஐப்பசியில் ஒரு காலை. முதல்நாள் வந்த சரக்கு படகிலேயே இருந்தது. வானம் கறுத்திருந்தது, சொட்டு விழவில்லை. வடக்கே விமானம் உறுமியது.

"மழை! மழை வருதுடீ! பாயைச் சுருட்டுங்க!" என்று கத்தினேன்.

மழை என்றால் எங்கள் பெண்கள் வானத்தையும் பார்க்கமாட்டார்கள், யார் பாய் என்றும் பார்க்கமாட்டார்கள். கை தானாக ஓடும். அல்லியும் ராசாத்தியும் ஓடிவந்து என்னோடு சேர்ந்து சுருட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் படகு பொதிகளோடு அம்மணமாகக் கிடந்தது.

விமானம் தலைக்கு மேல் போனது. திரும்பித் தாழ்ந்து வந்தது. என் வயிறு குளிர்ந்தது.

தங்கப்பன் வேட்டி அவிழ ஓடிவந்தான். "மழை எங்கடீ? விரிடீ பாயை!"

"சொட்டு விழுந்த மாதிரி இருந்துச்சுண்ணே."

படகைத் தள்ள ஆட்களைக் கூப்பிட்டான். கருப்பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். தங்கப்பன் ஒற்றை ஆளாகத் தள்ளிப் பார்த்தான். படகு அசையவில்லை. விமானம் அங்கேயே வட்டமடித்தது. அதிலிருந்து தகவல் போயிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் சாலைப்பக்கம் போலீஸ் ஜீப்புகள் இரைந்தன. அவன் கால் மணலில் புதைந்தது போல நின்றுவிட்டான்.

"ஏண்ணே நிக்கிறீங்க?" என்றேன். "இந்தப் பிளேன் சத்தம் கேட்டா விட்டுட்டு ஓடிடுவீங்களே."